சிரிக்கப் பழகிய சிறுமலர்

குழந்தைகளே! லிட்டில் பிளவர் என்ற பெயரில் நம் ஊர்களில் பள்ளிக்கூடங்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உங்களில் சிலர் அப்படிப்பட்ட பள்ளியிலேயே படித்துக்கொண்டும் இருக்கலாம். லிட்டில் பிளவர் என்றால் சிறுமலர், சின்னப் பூ. பள்ளிக்கூடத்துக்குப் போய் ஏன் பூவின் பெயரை வைத்தார்கள் என்று எப்போதாவது யோசித்ததுண்டா?

அது ஒரு பெண்ணின் பட்டப்பெயர். பிரான்ஸ் நாட்டில் பிறந்து 24 வயதிலேயே இறந்துபோன தெரசாவைத்தான் அப்படி அழைக்கிறார்கள். கொல்கத்தாவில் ஏழைகளுக்குச் சேவை செய்த அன்னை தெரசா வேறு, இவர் வேறு. சொல்லப்போனால், ஆக்னஸ் என்ற பெயருடைய அல்பேனியப் பெண் கன்னியராகச் சேர்ந்தபோது, இந்தச் சின்ன தெரசாவின் மேல் இருந்த பிரியத்தால்தான் தெரசா என்ற பெயரை எடுத்துக்கொண்டார். அவர்தான் பிறகு உலகம் அறிந்த அன்னை தெரசா ஆனார்.

நம் கதாநாயகி பெரிய காரியம் எதுவும் செய்ததாகத் தெரியாது. ஒன்பது வருடம் ஒரே மடத்துக்குள் இருந்தார். தரை பெருக்கினார், துணி துவைத்தார், படம் வரைந்தார், வயதானவர்களைக் கைபிடித்து நடத்திப் போனார். இப்படிப்பட்ட ஒருவரை உலகம் ஏன் நினைவு வைத்திருக்கிறது? அந்தக் கதையைத்தான் இந்த வாரம் பார்க்கப்போகிறோம்.

1873 ஜனவரி 2ஆம் தேதி, அலென்சோன் என்ற ஊரில் தெரசா பிறந்தாள். அப்பா லூயி மார்ட்டின் கடிகாரம் பழுது பார்ப்பவர். அம்மா ஸெலி லேஸ் பின்னுபவர். அலென்சோன் லேஸ் ரொம்பப் பிரபலம். ஊசியும் நூலும் மட்டும் வைத்துக்கொண்டு செய்யும் வேலை. ஒரு சதுர சென்டிமீட்டர் பின்ன சுமார் ஏழு மணி நேரம் ஆகுமாம்! 2010இல் யுனெஸ்கோ இந்தக் கலையை அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அம்மா பல பெண்களுக்கு வேலை கொடுத்து இந்தத் தொழிலை நடத்தினார். தொழில் வளர்ந்ததும் அப்பா தன் கடிகாரக் கடையை விட்டுவிட்டு, அம்மாவுக்கு உதவ வந்துவிட்டார். அந்தக் காலத்தில் மனைவியின் தொழிலுக்காகக் கணவர் தன் கடையை விடுவது சாதாரண விஷயமா?

இவர்களுக்கு ஒன்பது குழந்தைகள். அதில் நான்கு பேர் சின்ன வயதிலேயே இறந்துவிட்டார்கள். மிஞ்சியது ஐந்து பெண்கள். மரி, போலின், லியோனி, செலின், எல்லோருக்கும் கடைக்குட்டியாகத் தெரசா. பிறந்த சில வாரங்களிலேயே இவளும் பிழைப்பாளா என்று சந்தேகம் வந்துவிட்டது. கிராமத்தில் ரோஸ் என்ற பெண்ணிடம் பால் குடித்து வளரட்டும் என்று அனுப்பினார்கள். பசு மாடும் வைக்கோலும் வெயிலும் உள்ள வீடு. ஒரு வருடத்தில் நன்றாகத் தேறிவிட்டாள்.

சுட்டிப் பெண்தான், சாது என்று நினைத்துவிடாதீர்கள். பிடிவாதமும் உண்டு. ஒருநாள் அக்கா லியோனி, தனக்குப் பொம்மை விளையாட்டு வயது தாண்டிவிட்டது என்று, பொம்மைத் துணிகளும் அலங்காரத் துண்டுகளும் நிறைந்த ஒரு கூடையைக் கொண்டுவந்து, தங்கைகள் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம் என்று நீட்டினாள். செலின் மரியாதையாக ஒரு சின்னப் பொருளை எடுத்துக்கொண்டாள். தெரசா என்ன செய்தாள் தெரியுமா? எல்லாமே தனக்குத்தான் என்று சொல்லிக் கூடையோடு தூக்கிக்கொண்டு போய்விட்டாள்!

அந்த வீட்டில் பிள்ளைகளுக்கு ஒரு மணிமாலை உண்டு. நகர்த்தக்கூடிய மணிகள் கோத்த மாலை. தன் விருப்பத்தை விட்டுக்கொடுத்தால், அழ வேண்டிய இடத்தில் அழாமல் இருந்தால், சட்டைப்பைக்குள் கையை விட்டு ஒரு மணியை நகர்த்திக்கொள்ள வேண்டும். குட்டித் தெரசா நாள் முழுக்கப் பைக்குள் கைவிட்டு மணி நகர்த்துவதைப் பார்த்து அம்மாவுக்குச் சிரிப்பு வந்ததாம். கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

அந்தச் சிரிப்பு அதிக நாள் நீடிக்கவில்லை. அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். 1877 ஆகஸ்டு 28ஆம் தேதி இறந்துபோனார். தெரசாவுக்கு அப்போது நாலரை வயது.

மருந்துக்கடை வைத்திருந்த மாமா லிசியு என்ற ஊரில் இருந்தார். பெண் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மாமா குடும்பம் துணையாக இருக்குமே என்று அப்பா எல்லோரையும் அங்கே அழைத்துக்கொண்டு போனார். இரண்டாவது அக்கா போலினைத் தெரசா தன் அம்மாவாக ஏற்றுக்கொண்டாள். ஆனாலும் பழைய துள்ளல் போய்விட்டது. தொட்டதற்கெல்லாம் அழுகை. யாராவது லேசாகக் கடிந்துகொண்டால் அழுவாள். பிறகு, அழுதுவிட்டோமே என்று நினைத்து இன்னொரு முறை அழுவாள்!

எட்டரை வயதில் பள்ளியில் சேர்ந்தாள். வயதுக்கு மீறிய படிப்பு. அதனால் தன்னைவிடப் பெரிய பெண்களோடு உட்கார வேண்டியதாயிற்று. வரலாற்றிலும் கட்டுரையிலும் கெட்டிக்காரி. இந்தப் பொடிசு முதல் மதிப்பெண் வாங்குகிறதே என்று வகுப்பில் ஒரு பெரிய பெண்ணுக்குப் பொறாமை. ஆசிரியைக்குத் தெரியாமல் பல விதத்தில் தொல்லை கொடுத்தாள். தெரசா வீட்டில் சொல்லவே இல்லை, அழுதுகொண்டே இருந்தாள். நான் வகுப்பறையில் பல வருடம் நின்றவன். இப்படிச் சொல்லாமல் விழுங்கும் பிள்ளைகளைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். இந்த ஒரு விஷயத்தில் தெரசாவைப் பின்பற்றாதீர்கள். யாராவது தொல்லை கொடுத்தால் வீட்டில் சொல்லிவிடுங்கள்.

ஓடிப்பிடித்து விளையாடவும் அவளுக்குச் சரியாக வராது. விளையாட்டு நேரத்தில் மரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்களுக்குக் கதை சொல்வாள். செத்துக் கிடக்கும் சிறு பறவைகளைப் பொறுக்கி வந்து குழி தோண்டிப் புதைப்பாள். பள்ளியில் கழித்த ஐந்து வருடமும் தன் வாழ்க்கையிலேயே சோகமான காலம் என்று பின்னாளில் எழுதினார்.

இதற்கு நடுவில் இன்னொரு அடி. 1882இல் போலின் அக்கா கார்மேல் மடத்தில் கன்னியராகச் சேர்ந்துவிட்டார். கார்மேல் மடத்துக்குள் போனால் போனதுதான், வீட்டுக்கு வர முடியாது. இரும்புக் கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அக்கா, இந்தப் பக்கம் தங்கை. அடுத்த வருடம் தெரசாவுக்கு விநோதமான நோய் வந்தது. நடுக்கம், பயம், பிதற்றல். வைத்தியருக்கும் பிடிபடவில்லை. 1883 மே 13ஆம் தேதி, அக்காமார் கட்டிலைச் சுற்றி மண்டியிட்டு ஜெபித்துக்கொண்டிருந்தபோது, அறையில் இருந்த மாதா சிலை தன்னைப் பார்த்துப் புன்னகை செய்ததாகத் தெரசா உணர்ந்தாள். அன்றே நோய் விலகியது.

நோய்தான் விலகியது, அழுகை விலகவில்லை. அதற்கு இன்னும் மூன்று வருடம் ஆயிற்று. எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடமே இதுதான். கவனமாகக் கேளுங்கள்.

1886, கிறிஸ்துமஸ். பிரான்ஸ் நாட்டில் குழந்தைகள் தங்கள் காலணிகளைக் கணப்பு அடுப்பின் அருகே வைப்பார்கள். பெரியவர்கள் அதற்குள் பரிசுகளைப் போட்டு வைப்பார்கள். நள்ளிரவுப் பூசை முடிந்து வந்ததும் காலணியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிக் குதிக்க வேண்டும், அப்பா பார்த்து மகிழ வேண்டும். இது வருடா வருடம் நடப்பது. தெரசாவுக்கு 14 வயது ஆக ஒரே வாரம்தான் பாக்கி. ஆனாலும் கடைக்குட்டி அல்லவா, அந்த வருடமும் காலணி வைத்திருந்தார்கள்.

அன்று அப்பாவுக்குக் களைப்பு. தெரசா தொப்பியைக் கழற்ற மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தாள். நல்லவேளை, இந்தக் குழந்தை விளையாட்டுக்கு இதுதான் கடைசி வருடம் என்று அப்பா சலித்துக்கொண்டது அவள் காதில் விழுந்துவிட்டது. சுரீர் என்றது. கண்ணில் நீர் முட்டியது. பின்னால் வந்த செலின் அதைக் கவனித்துவிட்டாள். இப்போது கீழே போனால் அழுது எல்லோருடைய பண்டிகையும் கெட்டுவிடும், கொஞ்சம் பொறுத்துப் போகலாம் என்று தடுத்தாள்.

தெரசா ஒரு நிமிடம் நின்றாள். கண்ணைத் துடைத்தாள். படபடக்கும் நெஞ்சை அமுக்கிக்கொண்டு, விறுவிறுவென்று படியிறங்கிப் போய், காலணியை எடுத்து அப்பா முன்னால் வைத்து, எதுவுமே காதில் விழாதவள்போலப் பரிசுகளை எடுத்து எடுத்துக் காட்டிச் சிரித்தாள். அப்பாவின் சலிப்பு போன இடம் தெரியவில்லை. அவரும் சிரித்தார். செலின் தன் கண்களையே நம்பவில்லை!

அவ்வளவுதான் சம்பவம். ஆனால் பத்து வருடமாகத் தன்னால் செய்ய முடியாத ஒன்றைக் கடவுள் ஒரே நொடியில் செய்து முடித்தார் என்று தெரசா நம்பினார். தன்னை மறந்து அடுத்தவரைச் சந்தோஷப்படுத்தும் ஆசை அன்று மனதுக்குள் நுழைந்தது, அன்றிலிருந்தே தானும் சந்தோஷமாக இருந்ததாக எழுதியிருக்கிறார்.

பிறகு தெரசாவும் கார்மேல் மடத்தில் சேர விரும்பினார். மடத்தைக் கவனித்துவந்த குருவானவர், 21 வயது ஆகட்டும் என்று சொல்லிவிட்டார். ஆயரிடம் போனார். பெரிய பெண்ணாகத் தெரியட்டும் என்று தலைமுடியைத் தூக்கிக் கொண்டை போட்டுக்கொண்டு போனாராம்! அங்கேயும் முடிவு கிடைக்கவில்லை. அப்பாவோடும் செலினோடும் ரயிலில் ரோம் நகருக்கே போய்விட்டார். 1887 நவம்பர் 20ஆம் தேதி போப்பாண்டவர் பதின்மூன்றாம் லியோவைச் சந்திக்கும் வாய்ப்பு. அவரிடம் யாரும் பேசக்கூடாது என்று கட்டளை. தெரசா பேசிவிட்டார்! 15 வயதில் மடத்தில் சேர அனுமதி வேண்டும் என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். கடவுளுக்குச் சித்தமானால் நடக்கும் என்பது போலப் போப்பாண்டவர் பொதுவாகப் பதில் சொன்னார். நகராமல் இருந்த பெண்ணைக் காவலர்கள் தூக்கிக்கொண்டுதான் வெளியே விட வேண்டியதாயிற்று. கடைசியில் ஆயரே சம்மதித்தார். 1888 ஏப்ரல் 9ஆம் தேதி, 15 வயது தெரசா மடத்துக்குள் நுழைந்தார்.

ஆசைப்பட்ட இடம் கிடைத்துவிட்டது, இனி எல்லாம் சுகம் என்று நினைக்கிறீர்களா? குளிர்காலத்தில் ஒரே ஒரு பொது அறையில்தான் கணப்பு. படுக்க வைக்கோல் மெத்தை. பேச அனுமதி குறிப்பிட்ட நேரத்தில் மட்டும். வெளியே அப்பாவுக்கு மூளை பாதித்து, 1889இல் மனநோய் மருத்துவமனையில் சேர்த்தார்கள். மூன்று வருடம் அங்கே இருந்தார். மகள் போய்ப் பார்க்கவும் வழியில்லை. ஊரார், பெண்கள் எல்லோரும் மடத்துக்குப் போனதால்தான் அவருக்கு இப்படி ஆயிற்று என்றுகூடப் பேசினார்கள்.

இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் இரவு பகலாக ஒரே கட்டடத்தில் இருந்தால் என்ன ஆகும்? உங்கள் வகுப்பை நினைத்துப் பாருங்கள். ஜெப நேரத்தில் தெரசாவுக்குப் பின்னால் ஒரு சகோதரி உட்கார்ந்திருப்பார். இரண்டு கிளிஞ்சல்களை ஒன்றோடொன்று தேய்ப்பது போல ஏதோ ஒரு சத்தம் எழுப்பிக்கொண்டே இருப்பார். திரும்பி ஒரு முறை முறைத்தால் நின்றுவிடும். தெரசா திரும்பவில்லை. எரிச்சலை அடக்க முயன்று வியர்த்தே போய்விட்டாராம்! பிறகு ஒரு யோசனை வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்காமல் இருக்கப் பாடுபடுவதற்குப் பதிலாக, அது ஒரு நல்ல இசைக் கச்சேரி என்று வைத்துக்கொண்டு உன்னிப்பாகக் கேட்கத் தொடங்கினார். அந்தக் கச்சேரியையே கடவுளுக்குக் காணிக்கையாகவும் கொடுத்துவிட்டார்.

துணி துவைக்கும் இடத்தில் எதிரே நிற்கும் சகோதரி கைக்குட்டைகளை அடித்துத் துவைக்கும்போதெல்லாம் அழுக்குத் தண்ணீர் தெரசாவின் முகத்தில் தெறிக்கும். முகத்தைத் துடைத்துக் காட்டினால் அவர் புரிந்துகொள்வார். தெரசா அப்படியும் செய்யவில்லை. இலவசமாகக் கிடைக்கும் பொக்கிஷத்தை வேண்டாம் என்பானேன் என்று நினைத்துக்கொண்டார். அறையில் இருந்த அழகான சின்னக் கூஜாவை எடுத்துவிட்டு யாரோ விளிம்பு உடைந்த கூஜாவை வைத்துவிட்டார்கள், அதற்கும் சந்தோஷம். ஜெபத்தின்போது அடிக்கடி தூங்கிவிடுவார். அதற்காகவும் மனம் உடையவில்லை. பிள்ளை தூங்கினாலும் விழித்திருந்தாலும் பெற்றோருக்குப் பிரியம் ஒன்றுதானே என்று அவருக்குத் தோன்றியது.

வயதான ஒரு சகோதரி இருந்தார். பீட்டர் என்ற புனிதரின் பெயர்தான் அவருக்கும். நடக்க முடியாது, கோபமும் வரும். சாயங்காலம் சாப்பாட்டு அறைக்கு அவரைக் கைத்தாங்கலாக அழைத்துப் போக வேண்டும். ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மணல் கடிகாரத்தை ஆட்டிச் சைகை செய்வார். உடனே தெரசா எழுந்து, அவருடைய முக்காலியைப் பக்குவமாக எடுத்துக்கொண்டு, பின்னாலேயே அவர் இடுப்புக் கச்சையைப் பிடித்தபடி நடக்க வேண்டும். வேகமாகப் போனால் விழுந்துவிடுவேன் என்பார். மெதுவாகப் போனால், பிடித்திருக்கிறாயா விட்டுவிட்டாயா என்று திட்டுவார். போய் உட்கார வைத்து, சட்டைக்கையை மடித்துவிட வேண்டும், அதையும் அவர் சொன்ன முறையில்தான் மடிக்க வேண்டும். விரல்கள் முடங்கிப்போன அவருக்கு ரொட்டி நறுக்கக் கஷ்டமாக இருப்பதைத் தெரசா கவனித்தார். யாரும் சொல்லாமலே நறுக்கிக் கொடுத்துவிட்டு, தன்னிடம் உள்ளதிலேயே மிக அழகான புன்னகை ஒன்றையும் கொடுத்துவிட்டு வருவார். அந்தப் புன்னகைதான் கிழவியை ஜெயித்தது.

ஒரு குளிர்கால மாலை. வழக்கம்போல இருட்டிலும் குளிரிலும் அவரைத் தாங்கிப் போய்க்கொண்டிருந்தார். தூரத்தில் எங்கிருந்தோ இசை கேட்டது. தங்க முலாம் பூசிய பெரிய கூடம், விளக்குகள், பட்டாடை உடுத்திய பெண்கள் ஒருவரையொருவர் புகழ்ந்து பேசிக்கொள்ளும் காட்சி மனதில் வந்தது. பக்கத்தில் பார்த்தால், வெறும் செங்கல் சுவர், மங்கிய வெளிச்சம், இசைக்குப் பதில் கிழவியின் முனகல். அந்த நிமிடத்தில் தெரசாவின் மனதில் சொல்ல முடியாத சந்தோஷம் பொங்கியது. அந்த மாளிகை விருந்துகளை ஆயிரம் வருடம் அனுபவிக்கக் கொடுத்தாலும், இந்தப் பத்து நிமிட வேலையை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று நினைத்தாராம்.

இதற்கு அவர் ஒரு வழியே கண்டுபிடித்து வைத்திருந்தார். பயணத்தின்போது லிப்ட் பார்த்திருந்தார். அன்று அது புது அதிசயம். பெரிய புனிதர்கள் படியேறிக் கடவுளிடம் போகிறார்கள், தனக்கோ ஏறத் தெம்பில்லை. சின்னக் குழந்தையாகவே இருந்துவிட்டால் கடவுள் தன் கைகளில் தூக்கிக்கொள்வார், அந்தக் கைகள்தான் தனக்கு லிப்ட் என்று சொன்னார். அதற்காகச் சும்மா உட்கார்ந்துவிடவில்லை. கீழே கிடக்கும் குண்டூசியை எடுத்தாலும் அன்போடு எடுக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. எல்லாப் பூவும் ரோஜாவாக இருக்க ஆசைப்பட்டால் வசந்த காலத்தில் காட்டுப் பூக்களுக்கு எங்கே போவது? தான் அந்தச் சின்னப் பூக்களில் ஒன்று என்றார். அதிலிருந்து வந்ததுதான் சிறுமலர் என்ற பட்டப்பெயர்.

எப்போதும் சீரியஸாக இருந்தவர் என்று நினைக்காதீர்கள். மற்றவர்களைப் போலப் பேசிக்காட்டுவதில் கில்லாடி. ஓய்வு நேரத்தில் அவர் வராவிட்டால், இன்று சிரிப்பு இல்லை என்று மற்றவர்கள் ஏங்குவார்கள். நாடகம் எழுதுவார், தானே நடிப்பார். 1895 ஜனவரியில் ஜோன் ஆப் ஆர்க் வேடம் போட்டபோது மேடையில் திரை தீப்பற்றிவிட்டது. அசையாமல் நின்றார், நல்லவேளையாக அணைத்துவிட்டார்கள். அதற்கு முந்தின வருடம் மடத்தில் சேர்ந்த செலின் அக்கா கையோடு ஒரு கேமராவும் கொண்டுவந்திருந்தார். அதனால்தான் தெரசாவின் புகைப்படங்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன.

1896 ஏப்ரல், புனித வெள்ளிக்கு முந்தின இரவு. படுத்ததும் தொண்டையில் ஏதோ பொங்கி வந்தது. விளக்கு அணைந்திருந்ததால் காலையில்தான் பார்த்தார். கைக்குட்டை முழுக்க ரத்தம். காசநோய். அதற்கு மருந்து 1940களில்தான் வந்தது. அதே ஈஸ்டர் நாட்களில் இன்னொரு இருட்டும் வந்தது. கடவுள், மோட்சம் எல்லாம் வெறும் கனவோ என்ற சந்தேகம். சாகும்வரை, ஒன்றரை வருடம், அது தீரவில்லை. இதை ஓரிருவருக்குத்தான் சொன்னார். மற்றவர்கள் பார்த்தது அதே சிரித்த முகத்தைத்தான். சிரிப்பு வராத நாட்களிலும் அன்பு செய்ய முடியும் என்பதை, என்னைக் கேட்டால், அவர் இந்த ஒன்றரை வருடத்தில்தான் நிரூபித்தார்.

1897 ஜூன் மாதம். அப்பா உபயோகித்த பழைய சக்கர நாற்காலியில் தோட்டத்து மரநிழலில் உட்கார்ந்து, தன் நினைவுகளைப் பள்ளி நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். முதலில் எழுதச் சொன்னது போலின் அக்கா. வைக்கோல் வாரப் போகும் சகோதரி, பூ கொண்டுவரும் சகோதரி என்று ஒருவர் மாற்றி ஒருவர் வந்து பேச்சுக் கொடுப்பார்கள். ஒவ்வொரு முறையும் நோட்டை மூடிச் சிரிப்பார். கடைசிப் பக்கங்களுக்கு மையைத் தொட்டு எழுதவும் தெம்பில்லை, பென்சிலால் எழுதினார்.

மடத்தில் யாராவது இறந்தால் அவரைப் பற்றிக் குறிப்பு எழுதி மற்ற மடங்களுக்கு அனுப்புவது வழக்கம். நோயறையின் ஜன்னலுக்கு வெளியே ஒரு சகோதரி பேசியது தெரசாவின் காதில் விழுந்தது. இவள் இறந்தால் தலைவி என்னதான் எழுதுவாரோ, குறிப்பிட்டுச் சொல்ல எதுவுமே செய்யவில்லையே என்பது அவருடைய கவலை! தெரசாவுக்கு அதைக் கேட்டு வருத்தமே இல்லை. 1897 செப்டம்பர் 30ஆம் தேதி இறந்துபோனார்.

குறிப்புக்குப் பதிலாக அந்த நோட்டுகளையே திருத்தி, சரியாக ஒரு வருடம் கழித்து, 2000 பிரதிகள் அச்சிட்டார்கள். ஓர் ஆன்மாவின் கதை என்பது புத்தகத்தின் பெயர். பிறகு அது ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளுக்குப் போனது. 1925இல் புனிதர் பட்டம். 1927இல், மடத்தை விட்டு வெளியே வராத இவரை, கடல் கடந்து நம் நாட்டுக்கு வந்த புனித சவேரியாரோடு சேர்த்து மறைபரப்புப் பணியின் பாதுகாவலராக அறிவித்தார்கள். 1997இல் மறைவல்லுநர் என்ற பெரும் பட்டம். 2015இல் கடிகாரக்கார அப்பாவுக்கும் லேஸ் பின்னிய அம்மாவுக்கும் புனிதர் பட்டம் கிடைத்தது.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேனே! மடத்தில் ஒரு சகோதரியைத் தெரசாவுக்குப் பிடிக்கவே பிடிக்காது. அவர் பேச்சு, நடை, குணம் எதுவுமே ஒத்துவராது. அதனாலேயே அவருக்கு முடிந்த உதவிகளைத் தேடிப்போய்ச் செய்வார், வாக்குவாதம் வரும்போல இருந்தால் புன்னகை செய்வார், அதற்கும் முடியாவிட்டால் ஓடிப்போய்விடுவார்! தன்னிடம் அப்படி என்ன பிடித்திருக்கிறது, பார்க்கும்போதெல்லாம் இப்படிச் சிரிக்கிறாயே என்று அந்தச் சகோதரி ஒருநாள் ஆசையாகக் கேட்டார். தெரசா இறந்த பிறகு அவர், தங்கள் இருவருடைய புனிதமான நட்பைப் பற்றி நினைவுக் குறிப்புகள் எழுதி வைத்தார்.